லேப்டாப்புக்குள் ஒரு குடித்தனம்

காதக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்தி, அதை அவரவர் காதுக்கு ஏற்றபடி சரிசெய்து கொடுப்பது அவள் தொழில். இருபது வருஷமாக ஊர் முழுக்கக் காதக்கா என்றே கூப்பிடுகிறது, அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

கடை ஒன்றுதான், உள்ளே பாகம் இரண்டு. கதவைத் திறந்ததும் இடது பக்கம் அவள் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடை. வலது பக்கம் மரத் தடுப்புக்கு அப்பால் காதக்காவின் அறை. அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டு. கண்ணுக்குப் புருஷன், காதுக்குப் பெண்டாட்டி, வாய்க்கு நாத்தனார் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. நாத்தனாரின் குரல் அப்படி. கணவரின் தங்கையான அவள் வாசலில் நின்று "அண்ணா!" என்றால் எதிர்க்கடையில் இருக்கிற அண்ணன்மார்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

காதக்காவிடம் ஒரு பழக்கம். எதற்கும் நன்றி சொல்லிவிடுவாள். சில்லறை கொடுத்த கண்டக்டருக்கு, மழை வராமல் பொறுத்த வானத்துக்கு, சாயங்காலம் மூடும்போது லேப்டாப்புக்கும்கூட. "இன்னிக்குப் போதும்ப்பா, ரொம்ப நன்றி" என்று அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அந்த லேப்டாப்புக்குக் கொஞ்ச காலமாக அந்த நன்றியை வாங்கிக்கொள்கிற யோக்கியதை இல்லை என்பது வேறு விஷயம்.

கருவியைச் சரிசெய்வது ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது மாதிரி என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. ஒருவருக்குத் தடித்த குரல் கேட்கும், மெல்லிய குரல் கேட்காது. இன்னொருவருக்குக் குரல் கேட்கும், வார்த்தை பிரியாது. அவரவர் காதைச் சோதித்து, எந்தச் சத்தத்தை எவ்வளவு தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த அளவுகளைக் கருவிக்குள் எழுத வேண்டும். கருவியை ஒயரால் ஒரு சின்னப் பெட்டியில் மாட்டி, பெட்டியை லேப்டாப்பில் சொருகி, அதற்கென்று இருக்கிற மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் எழுதிக்கொள்ளும்.

புதிய கருவிகளுக்கு இதெல்லாம் சுலபம். சிக்கல், பழைய கம்பெனி ஒன்றின் கருவியை மாட்டியிருந்த பத்தொன்பது பேரால் வந்தது. கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். கருவிகளோ சாகமாட்டேன் என்று ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கான மென்பொருள் பழங்காலத்துக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் வேலை செய்யும். காதக்காவிடம் அப்படி ஒன்று இருந்தது. ஒருநாள் காலை கருகல் வாசனையோடு அது கண்ணை மூடியது.

கணவர்தான் வழி கண்டுபிடித்தார். புது லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல நடிக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு, அதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அதற்குள் பழைய கம்ப்யூட்டர் அதே பழைய நீலத் திரையோடு உயிர்பெற்று எழுந்திருக்கும். அதைப் பார்த்த அன்று காதக்கா கணவருக்கு நன்றி சொன்ன விதத்தில், மனுஷன் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

"ஒவ்வொரு தடவை வேலை முடிஞ்சதும் இதை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோ. ஏதாவது கெட்டுப்போனா அந்த நிலைக்கே திரும்பிப் போயிடலாம்" என்று ஒரு பொத்தானையும் காட்டிக் கொடுத்தார். ஸ்னாப்ஷாட் என்று அதற்குப் பெயர். காதக்காவுக்கு அது போட்டோ.

முதல் வருஷம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் வருஷம் மூச்சு வாங்கியது. மூன்றாம் வருஷம், அவள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மேசையைத் துடைத்து, கூண்டின் கண்ணாடியைத் துடைத்து, வந்தவரின் பேரப்பிள்ளைகளைப் பற்றியெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் அடுத்த பக்கம் வரும். கணவருக்கு மனசு கேட்கவில்லை. அமைப்புகளைத் திறந்து, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நினைவகம் என்று கேட்கிற கோட்டைக் கடைசி வரை இழுத்து விட்டார். "கொடுக்கறதுன்னு ஆச்சு, தாராளமா கொடுப்போமே." அதன் பிறகு அது இன்னும் மெதுவானது. நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று அவர் இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லவில்லை.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிற டிரைவர் அண்ணன். வலது காதில் கருவி. வருஷத்துக்கு ஒருமுறை அவருக்கு மருத்துவச் சோதனை உண்டு. கருவியோடு நன்றாகக் கேட்டால் வண்டி, இல்லாவிட்டால் வீடு. இந்த வருஷம் அது திங்கட்கிழமை. காது இன்னும் கொஞ்சம் மந்தமாகியிருந்ததால் கருவியில் அளவுகளைக் கூட்டி எழுத வேண்டியிருந்தது.

புதன்கிழமை காதக்கா எழுத ஆரம்பித்தாள். முன்பெல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை. இருபது நிமிஷம் கழித்து, எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டுகிற கோடு அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது. இடையில் இருக்கிற சின்னப் பெட்டிக்குப் பொறுமை குறைவு. லேப்டாப்பிலிருந்து வெகுநேரம் பதில் வராவிட்டால் இணைப்பை அறுத்துவிடும். அறுத்தது. பாதி எழுதிய கருவி ஊமையானது. அதை உயிர்ப்பிப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. வியாழக்கிழமை மறுபடியும் அதே அறுபத்திரண்டு. இந்தத் தடவை கருவி எழுந்தது, ஆனால் கரகரவென்று. மூன்றாவது முறையும் நடுவில் அறுந்தால் எழுந்திருக்காது என்று அவள் அனுபவம் சொன்னது.

வெள்ளிக்கிழமை டிரைவர் அண்ணன் வந்து உட்கார்ந்தார். விடுப்பு எடுத்திருந்தார். வேறு கருவி வாங்குகிற நிலையில் அவர் இல்லை என்று இருவருக்குமே தெரியும், அதனால் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும் தங்கச்சி. வேற ஒண்ணும் தெரியாது" என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை.

"அண்ணே, கருவியை எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாங்க" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். எந்தத் தைரியத்தில் எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது.

அவர் போன பிறகு கணவர் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் தங்கச்சியைக் கேக்கலாமே" என்றார்.

கேட்டிருக்கலாம்தான், மூன்று வருஷத்துக்கு முன்பே. நாத்தனார் ஒரு பெரிய காப்பீட்டு அலுவலகத்தின் சர்வர் அறையில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். இந்த மாதிரி விர்ச்சுவல் மெஷின்களை அங்கே நூறு நூறாகக் கட்டி மேய்க்கிறாள். ஆனால் காதக்காவுக்கு அவளை ஆகாது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவாள். பேசினால் ஊரைக் கூட்டுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாகக் காதக்கா அதற்கு வைத்திருந்த பெயர் திமிர். எல்லாருக்கும் நன்றி சொல்கிற அந்த வாய், நாத்தனாருக்கு மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. போயும் போயும் அவளிடமா என்று வீராப்பாக இருந்துவிட்டாள். டிரைவர் அண்ணனின் சிரிப்பு வந்து அந்த வீராப்பைத் தூக்கி வெளியே போட்டது.

"ஹலோ! யாரு, அண்ணியா? சத்தமா பேசுங்க, லைன் சரியில்ல!" என்றாள் நாத்தனார். அவளுக்கு என்றைக்குமே லைன் சரியாக இருந்ததில்லை.

சனிக்கிழமை மதியம் வந்தாள். கையில் நகலெடுத்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். செருப்பைக் கழற்றும்போதே திட்ட ஆரம்பித்தவள், அமைப்புகளைத் திறந்ததும் குரலை இன்னும் ஏற்றினாள்.

"இந்த லேப்டாப்புல மொத்தமே எட்டு ஜிபி ரேம். அதுல ஏழைத் தூக்கி உள்ள இருக்கிறவனுக்குக் கொடுத்தது யாரு?"

கணவர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"வாடகைக்கு வந்தவனுக்கு எல்லா ரூமையும் கொடுத்துட்டீங்கண்ணா! வீட்டுக்காரன் மாடிப்படியில ஒண்டிக்கிட்டு இருக்கான். அவன் நல்லா இருந்தாத்தானே உள்ள இருக்கிறவனுக்குத் தண்ணி வரும், கரண்ட் வரும்? இந்தப் பழைய சிஸ்டம் ஒண்டிக்கட்டை. அதுக்கு ரெண்டு ஜிபி கொடுத்தாலே காலை நீட்டிப் படுத்துக்கும்."

ஏழை இரண்டாக்கினாள். லேப்டாப்பின் மூளைக்குள் வேலை பார்க்கிற 'கோர்' நான்கையும் கணவர் உள்ளே தள்ளியிருந்தார். "நாலு பேரையும் அங்க அனுப்பிட்டா இங்க வேலைக்கு யாரு?" என்று இரண்டைத் திரும்ப இழுத்தாள். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று லேப்டாப்பையே அரைத் தூக்கத்தில் வைத்திருந்ததையும் கண்டுபிடித்து மாற்றினாள். இழுப்பறையில் கிடந்த ஒரு உபரிக் கருவியை மாட்டிச் சோதித்தார்கள். இருபது நிமிஷத்திலும் முடியாத வேலை ஒன்பது நிமிஷமாகியிருந்தது. ஆனாலும் கோடு நடுவில் நின்று நின்றுதான் நகர்ந்தது, பெட்டியின் பொறுமைக்கு அதுவும் அதிகம்.

"வேற எங்கயோ அடைச்சிருக்கு" என்று தேடிய நாத்தனார் ஓரிடத்தில் நின்றாள். "அண்ணி, இது என்ன, இருநூத்துப் பதினாலு ஸ்னாப்ஷாட்?"

"அதுவா, போட்டோ. ஒவ்வொருத்தர் வேலை முடிஞ்சதும் ஒண்ணு எடுத்து வைப்பேன்." உபகாரம் செய்துவிட்டு நிற்கிற முகம் காதக்காவுக்கு.

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவை நீங்க போட்டோ எடுக்கும்போதும், பழசை மூடி வச்சிட்டு மேல ஒரு புதுப் பெட்டியை அடுக்குது. அப்புறம் உள்ள இருக்கிறவன் ஒரு சட்டை வேணும்னா, மேல் பெட்டியில பார்ப்பான், இருக்காது. அதுக்குக் கீழ் பெட்டி, அங்கயும் இருக்காது. இப்படி இருநூத்துப் பதினாலு பெட்டியைத் திறந்து பார்த்துட்டு வரான், பாவம். எல்லாத்தையும் டெலீட் பண்ணணும்."

காதக்கா எழுந்து லேப்டாப்பின் மூடியைப் பிடித்துக்கொண்டாள். "கூடாது."

"பத்தொன்பது பேரோட அளவும் எங்கயும் போகாது அண்ணி! டெலீட் பண்ணினா அடுக்கி வச்சதெல்லாம் மடிஞ்சு ஒரே பெட்டியாச் சேர்ந்துடும். இன்னிக்கு இருக்கிறது அப்படியே இருக்கும். பழைய நாளுக்குத் திரும்பிப் போறதுதான் முடியாது. அதுக்கும் மேல, முழுசையும் இந்த டிஸ்க்ல முதல்ல நகல் எடுத்துக்கறேன். போதுமா?"

"அப்ப பேரு?"

"என்ன பேரு?"

காதக்கா பட்டியலைக் காட்டினாள். போட்டோ எடுக்கும்போது அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லும். மற்றவர்கள் தேதியைப் போடுவார்கள். காதக்கா ஆளையும், காதையும், அன்றைக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் எழுதி வைத்திருந்தாள். மூன்று வருஷத்து நன்றியெல்லாம் அங்கேதான் இருந்தது. "இதெல்லாம் போயிடும் இல்ல?"

நாத்தனார் பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு, நகலெடுப்பை ஓடவிட்டு, "நோட்டு எடுங்க. நான் படிக்கிறேன், நீங்க எழுதுங்க" என்றாள். கம்ப்யூட்டரிலேயே ஒரு நொடியில் அதைப் பிரதியெடுக்க அவளுக்குத் தெரியாதா என்ன? அண்ணி எழுதினால்தான் அண்ணிக்கு நிம்மதி என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

படித்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. பக்கத்துச் சாவிக்கடைக்காரர் வந்து, "என்ன, ஏலம் விடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"தபால்காரம்மா, இடது. கூரையில் மழை விழுகிற சத்தம் இதுதானா என்றார்!"

"முடிதிருத்துகிறவர், இரண்டும். கத்தரிக்கோல் இவ்வளவு பேசுமா என்றார்!"

"டிரைவர் அண்ணன், வலது. பின்சீட்டில் ஒரு குழந்தை விசும்பியது கேட்டு வண்டியை ஓரங்கட்டினாராம்!"

"நூலகத்து அம்மா, இரண்டும். வீட்டில் எல்லாரும் வேண்டுமென்றே முணுமுணுக்கிறார்கள் என்று ஒரு வருஷமாகச் சண்டையாம். இன்றைக்குச் சமாதானம்!" படித்துவிட்டு நாத்தனார் ஒரு பெருமூச்சு விட்டாள். "எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான் அண்ணி. முன்னெல்லாம் நல்லா பேசுவாங்க. இப்ப யாரைப் பார்த்தாலும் முணுமுணுன்னு... சரி, எழுதுங்க, அடுத்தது."

காதக்காவின் பேனா நின்றது.

அவள் நாத்தனாரின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். சாதாரணக் குரலில், "தண்ணி வேணுமா?" என்றாள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் தூக்கிக் கேட்டாள். நாத்தனார் அடுத்த வரியைப் படித்துக்கொண்டே போனாள். அப்போது நகலெடுத்து முடிந்து லேப்டாப் 'டிங்' என்று மெல்லிசாக ஒரு மணி அடித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணவர், "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். லேப்டாப்புக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நூறு இயந்திரங்களின் விசிறி ஓயாமல் இரைகிற அறையில் பதினாலு வருஷம். என்றைக்கும் சரியில்லாத லைன். கூப்பிட்டும் திரும்பாத தலை. ஊரில் யார் தெருவில் நடந்து போனாலும் இவருக்குக் காது மந்தம் என்று நடையிலேயே கண்டுபிடிக்கிற காதக்கா, சொந்த வீட்டுக் காதைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். முதலில் டிரைவர் அண்ணன் என்று அடக்கிக்கொண்டாள்.

எழுதி முடித்ததும் நாத்தனார் பொத்தானை அழுத்தினாள். இருநூற்றுப் பதினாலும் ஒவ்வொன்றாக மடிந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. வீட்டுக்குப் போ என்று சொல்லியும் அவள் போகவில்லை. காதக்கா கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்துக்கொண்டு, நகரும் கோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் உபரிக் கருவியை மாட்டிச் சோதித்தார்கள். இரண்டு நிமிஷம், பத்து நொடி. கணவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை சரிபார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டிரைவர் அண்ணன் வந்தார். காதக்கா நிஜக் கருவியை ஒயரில் மாட்டினாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். கோடு ஓடியது. ஐம்பது. அறுபது. அறுபத்திரண்டு வந்தபோது அவள் மூச்சை நிறுத்தினாள். அறுபத்திரண்டு அவளை யாரென்றே தெரியாததுபோலக் கடந்து போனது. நூறு.

கருவியை அவர் காதில் பொருத்திவிட்டுப் பின்னால் போய் நின்று, தாழ்ந்த குரலில், "அண்ணே, பின்சீட்டுல யாரோ அழறாங்க" என்றாள்.

சட்டென்று திரும்பினார். "யாரு?" என்றார். அப்புறம்தான் புரிந்தது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "பொழச்சேன் தங்கச்சி" என்றார், விரல்களுக்கு உள்ளேயிருந்து.

திங்கட்கிழமை மதியம் நாத்தனார் ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப வாங்க வந்திருந்தபோது, கடை வாசலில் பள்ளி வேன் ஒன்று மெதுவாகி நீளமாக ஹாரன் அடித்தது. ஜன்னலெல்லாம் குழந்தைத் தலைகள். டிரைவர் அண்ணன் ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனார். தேறிவிட்டார்.

காதக்கா நாத்தனாரின் எதிரில், முகம் தெரியும்படி வந்து நின்றாள். "உனக்கு நான் நன்றி சொல்லணும்."

"நன்றியெல்லாம் வேணாம் அண்ணி! இனிமே ரெண்டு போட்டோவுக்கு மேல வைக்காதீங்க, அது போதும்!"

"சரி, சொல்லல. கூண்டுக்குள்ள போய் உக்காரு. சத்தம் கேட்டா இந்தப் பொத்தானை அமுக்கு."

தடித்த சத்தங்களுக்கு நாத்தனார் டக்டக்கென்று அமுக்கினாள். சத்தம் மெலிய மெலிய விரல் தயங்கியது. பிறகு காதக்கா மெல்லிய சத்தங்களைக் கூட்டிக்கூட்டி அனுப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தாள். காதக்கா அழுதுவிட்டாள்.

வெளியே வந்தவளிடம், அவள் காதின் அளவைக் கோடாக வரைந்த தாளைக் காட்டினாள். கோடு பாதியில் பள்ளத்தில் இறங்கியிருந்தது. நாத்தனார் அதையே பார்த்தாள். ஸ்னாப்ஷாட் பட்டியலைப் படித்துச் சொன்னவளுக்கு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

"பன்னிரண்டு வருஷமா உன்னைத் திமிர் பிடிச்சவள்னு நினைச்சுட்டேன். காதைப் பார்த்துப் பொழைக்கிறவ, உன் காதைப் பார்க்கல. மன்னிச்சுடும்மா" என்று உரக்கச் சொன்னாள் காதக்கா.

"நான் மட்டும் என்னவாம்? எனக்குக் கேக்கக் கூடாதுன்னே நீங்க மெதுவா பேசறீங்கன்னு நினைச்சேன்" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் மட்டும் நனைந்திருந்தது.

காதக்கா சோதனைக்கு வைத்திருந்த புதிய கருவி ஜோடி ஒன்றை எடுத்து, அந்தப் பள்ளத்துக்கு ஏற்ற அளவுகளை எழுதினாள். வாடகைக்காரன் தன் அறையில் அடங்கியிருந்ததால் லேப்டாப் பழைய மென்பொருள், புதிய மென்பொருள் இரண்டையும் முகம் சுளிக்காமல் ஓட்டியது. இரண்டு காதிலும் பொருத்திவிட்டு, காது கேட்காதவர்களிடம் பேசிப் பேசி வந்த பழக்கத்தில், தொண்டையைத் திறந்து கேட்டாள்: "இப்ப எப்படி இருக்கு?"

நாத்தனார் திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அந்தக் கடையில் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் பேசினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கண்ணாடி துடைக்கிற சத்தம் நின்றுபோயிற்று.

அன்று சாயங்காலம் லேப்டாப்பின் முதுகில் தட்டி நன்றி சொல்வதற்கு முன், காதக்கா நோட்டைத் திறந்து இருநூற்றுப் பதினைந்தாவது வரியை எழுதினாள்: 'நாத்தனார், இரண்டும். எதுக்கு அண்ணி இப்படிக் கத்துறீங்க, பக்கத்துலதானே இருக்கேன் என்றாள்.'